மில்லக்காவின் மாடித் தொட்டிகள்

நான் கொடுத்த மஞ்சள் ரப்பர் பந்தை மில்லக்கா கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. பக்கவாதம் வந்து வலது கை மடங்கிப்போன அவருக்குப் பயிற்சி கொடுக்க, பிசியோதெரபிஸ்டாகத் திண்டுக்கல்லில் அவர் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் முப்பது வருடம் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்ட விரல்கள் அவை. தெருவுக்கே அவர் மில்லக்கா. "இது என்ன தாயி, பச்சப்புள்ள வெளையாட்டு?" என்று அதற்குப் பிறகு பந்தைத் தொடவே மறுத்தார்.

ஒருநாள் போனபோது கட்டிலில் ஆளில்லை, மாடியில் இருந்தார். பெயின்ட் டப்பாக்களிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் மிளகாய், தக்காளி, அரைக்கீரை. மடங்கிய கையை மண்ணில் ஊன்றி ஒரு களையைப் பிடுங்கப் போராடிக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை. அன்றிலிருந்து பயிற்சி மாடிக்கு மாறியது. மண் பிசைந்தார், விதை தூவினார், கீரை கிள்ளினார். பசி வந்தது, தூக்கம் வந்தது. மூன்றாம் மாதம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு மிளகாயைக் காம்போடு பறித்தன. "இன்னைக்குச் சோத்துக்கு வெஞ்சனம் ஆச்சு" என்று அதை என் உள்ளங்கையில் வைத்துச் சிரித்தார்.

மழைக்காலத்தில் படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மகன் பயந்துபோனார். "நீங்களே சொல்லுங்க மேடம், இனிமே அம்மா மாடிக்குப் போலாமா?" என்று கேட்டார். மில்லக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஏதாவது ஆனால் பழி என்மேல் வருமே என்ற நினைப்புதான் எனக்கு முந்திக்கொண்டு வந்தது. "வேண்டாம்" என்றேன். மாடிக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. கொஞ்ச நாளில் பயிற்சியும் போதும் என்றுவிட்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி அழைத்தார்கள். கை பழையபடி மூடிக்கொண்டிருந்தது. சாப்பாடு வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாடியில் செடிகள் சருகாகியிருந்தன. தொட்டிகளைக் கீழே இறக்கலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மகனும் நானும் இரண்டைத் தூக்கிவந்து ஜன்னலோரம் ஒரு பெஞ்சில் வைத்தோம். மில்லக்கா தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"அப்பவே எறக்கிருக்கலாம்ல தாயி?"

அவர் குரலில் கோபமில்லை. அடுத்து வந்த தை மாதம் இறந்துபோனார்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், தொட்டிகளை நாற்காலியில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்கிறேன். நத்தத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தபடியே கத்தரி நாற்று நடுகிறார். "நல்ல யோசனை சொன்னீங்க" என்று அவர் மகள் ஒவ்வொரு முறையும் சொல்லும்போது, நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன்.