கயிறு வைத்த தொப்பி

நான் பனையோலைத் தொப்பி முடைகிறவள். உத்திரமேரூர் பக்கம் வயலில் இறங்குகிற ஆண்கள் அப்போது தலைக்குப் போட்டது அதுதான். குருத்தோலையை நிழலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து, மெல்லிசாகக் கிழிக்க வேண்டும். பனியில் கிடந்தால் ஓலை பதமாகும். பிறகு சடை மாதிரி நீளமாகப் பின்னி, உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே வந்தால் தொப்பி.

எங்கள் தொப்பிக்குக் கயிறு கிடையாது. யாரும் கேட்டதில்லை, நானும் வைத்ததில்லை. காற்றுக்குப் பறந்தால் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். ஏன் கயிறு இல்லை என்று நான் யோசித்தது கிடையாது.

ஓலை எல்லாம் ஆண்டையின் மரத்தில் வெட்டியது. ஆண்டை என்றால் நிலக்காரர். என் வீட்டுக்காரர் அவரிடம்தான் கூலிக்குப் போனார். ஏரிக்கரையை ஒட்டி ஆண்டையின் வரப்பில் பனை நிற்கும். கேட்டுக்கொண்டு வெட்டுவோம். பதிலுக்கு அவர் வீட்டுக்குப் பாயும் தடுக்கும் முடைந்து கொடுப்பேன்.

ஒரு கோடையில் என் வீட்டுக்காரர் அந்த மரங்களில் ஒன்றிலிருந்து விழுந்தார். எனக்கு ஓலை வெட்டும்போதுதான். தலை பிளந்துவிட்டது. காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் தலையில் வெயில் பட்டால் கண் இருட்டி அப்படியே சாய்ந்துவிடுவார். இன்னொரு தடவை மண்டையில் அடிபட்டால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஆடியில் நடவு வந்தது. வேலைக்குப் போகாமல் முடியாது. ஆடிக்காற்றில் தொப்பி தலையில் நிற்காது. பனைநார் திரித்து, தொப்பியின் இரண்டு பக்கமும் கோத்து, அவர் தாடைக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

"இன்னாமே, கொயந்தைக்குக் குல்லா கட்றாப்ல கட்டிக்கினு கீற?" என்றார்.

"கொயந்த சொன்ன பேச்சக் கேக்கும். நீ கேப்பியா? கம்னு இரு."

பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, பால் புட்டி எங்க?" என்றாள். அவரே சிரித்துவிட்டார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் ஆண்டை வரப்பில் வந்திருக்கிறார். ஆண்டை வந்தால் தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். துண்டு கட்டியிருந்தாலும் அப்படித்தான். எல்லாரும் எடுத்தார்கள். இவர் கை முழுக்கச் சேறு. நார் நனைந்து இறுகிவிட்டது, முடிச்சு அவிழவில்லை. தொப்பியோடு நின்றிருக்கிறார். ஆண்டை பார்த்தார். திரும்பிப் போனார்.

இதை வீட்டுக்கு வந்து அவர் சொன்னபோதுதான், கயிறு ஏன் கிடையாது என்று எனக்கு விளங்கியது.

பொழுது சாயும் முன்னே ஆண்டை வீட்டு ஆள் வந்தான்.

"இன்னாமே, ஆண்டை எதிர்ல உன் வூட்டுக்காரனுக்குத் தொப்பி கேக்குதா? கவுத்த அறுத்துட்டு வந்து கும்புட்டுட்டுப் போவச் சொன்னாரு. இல்லாங்காட்டி ஓலைக்கு அந்தப் பக்கம் வர வாணாம்."

நடவு நேரம், ஆள் கிடைக்காது. அதனால் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஓலையை மட்டும் நிறுத்தினார்கள்.

அவன் போனதும் வீட்டுக்காரர், "அறுத்துடுமே. ஓலை இல்லாம நீ இன்னா பண்ணுவ?" என்றார்.

"தலை இல்லாம நீ இன்னா பண்ணுவ?"

மறுநாள் நானே போனேன். ஆண்டை மாட்டுக்கொட்டகை பக்கம் நின்றிருந்தார்.

"ஆண்டே, மரியாதக் கொறவா நெனைக்கக் கூடாது. மண்டையில தையல் கீது. வெயில் பட்டா வுயுந்துடுவாரு."

"நான் வர்ற நேரம் செத்த எடுத்தா, செத்தா பூடுவான்?"

"பூடுவாரு ஆண்டே."

அவர் மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப ஓலை கெடையாது, போ," என்றார்.

"சரி ஆண்டே," என்று வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பெருநகர் என்கிற ஊர்ப் பக்கம் போனேன். ஆற்றோரப் புறம்போக்கில் சின்னப் பனைகள் உண்டு. மரம் ஏற வேண்டாம், தொரட்டியால் இழுக்கலாம். ஓலை குட்டை. பின்னும்போது அடிக்கடி ஒட்டுப் போட வேண்டும். ஓலைக்கட்டைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். "இது இன்னா மாட்டு வண்டியா?" என்பார் கண்டக்டர். தலையில் வைத்து நடந்தே வருவேன். கழுத்து வலி கண்டுவிடும்.

வீட்டுக்காரர் கயிற்றுத் தொப்பியோடுதான் வேலைக்குப் போனார். ஆண்டை வந்தால் வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கிக் கைகட்டி நிற்பார். தொப்பி தலையில் இருக்கும்.

"இன்னிக்கி இன்னா சொன்னாரு?" என்று கேட்பேன்.

"ஒண்ணும் சொல்லல. பாத்துட்டுப் போய்ட்டாரு."

தை அறுப்பின்போது, இவரோடு வேலை செய்கிற ஒருவர் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதுக்கும் ஒரு கவுறு வெச்சிக் குடும்மா."

"உனக்கு இன்னாண்ணா? உன் மண்டையிலயும் தையலா?"

"தையலும் இல்ல, ஒண்ணும் இல்ல. காத்து அடிக்குது."

அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. நார் திரித்து வைத்துக் கொடுத்தேன்.