மருமகனின் பீங்கானும் தங்கமக்காவின் நாயும்

கல்முனையில், பாண்டிருப்பு எல்லையை ஒட்டிய ஒழுங்கையில் கமீலாவின் வீடு. கமீலாவின் வீடு என்றா சொன்னேன்? அது இப்போது அவளுடையது இல்லை. நாலு மாதத்துக்கு முன்னர் மகள் அம்ஹாவுக்குக் கல்யாணம் முடித்து, வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளை மிஹ்லாரை அட்டாளைச்சேனையிலிருந்து கொண்டுவந்து இருத்தியாகிவிட்டது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். கமீலாவும் புருஷன் அப்துல் கபூரும் சமைக்கிற குசினிக்குப் பின்னால் இறக்கிய சின்ன அறைக்குப் போய்விட்டார்கள். கபூர் விடிந்தால் வயலுக்குப் போய்விடுவார்.

மாமி மருமகனுக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் கதைக்கக் கூடாது. இது கமீலாவின் உம்மா காலத்து ஒழுங்கு. இப்போதைய மாமிமார் மருமகனோடு சேர்ந்து நின்று செல்பி எடுக்கிறார்கள். கமீலாவா? நல்ல கதை! மிஹ்லாரின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டாலே போதும், மேசையில் சோற்றை மூடி வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் புகுந்து கதவைச் சாத்திவிடுவாள். மருமகனின் முகத்தை அவள் சரியாகப் பார்த்தது கல்யாண வீடியோவில்தான்.

அப்படியானால் மருமகன் சந்தோஷமாக இருக்கிறாரா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சாப்பாட்டுப் பீங்கானைப் பார்த்துத்தான். அவர் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகு வந்து, பீங்கானைத் தூக்கிப் பார்ப்பாள். வழித்துத் துடைத்துக் கிடக்கும். இறைச்சி ஆக்கிய நாளில் எலும்புகூட மிஞ்சாது. "எலும்பையும் விர்றாரில்ல உங்கட மகன்" என்று சம்பந்திக்குப் போன் எடுத்துச் சொல்லிப் பெருமைப்பட்டவள் அவள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, அந்த நாயைத் தவிர.

பக்கத்து வளவு செல்லத்தங்கத்தின், கமீலாவுக்குத் தங்கமக்காவின், நாய் அது. ஜிம்மி என்று பெயர். ஏழு வருடமாக இருக்கும் இடம் தெரியாமல் கிடந்த நாய், மாப்பிள்ளை வந்த பிறகு குரைக்கத் தொடங்கியது. குரைப்பென்றால் சும்மா குரைப்பா! மத்தியான லுஹர் பாங்கு முடியும், இது தொடங்கும். மதிலில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் ஒரே கத்து. நாலரை மணிக்கு மிஹ்லார் கந்தோர் வேலை விட்டு வரும்போது தொண்டை கிழியும். அம்ஹா படிப்பிக்கிற பள்ளிக்கூடம் முடிந்து, டியூஷனும் முடித்துப் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வருவாள். அதுவரைக்கும் அந்த மனிசன் இந்தச் சத்தத்துக்குள் தனியே கிடக்க வேண்டும்.

குசினி ஜன்னலால் பார்த்தால், மருமகன் மதிலடியில் நின்று நாயைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். முதுகுதான் தெரியும். எவ்வளவு பொறுமையான பிள்ளை என்று கமீலா கண் கலங்குவாள். கூடவே பயமும் பிடிக்கும். "எங்கட மகன் சத்தம் சந்தடி இல்லாம வளந்தவன்" என்று சம்பந்தி கல்யாணத்தன்றே சொல்லி வைத்திருந்தாள். மூன்றாம் வீட்டு ஸப்னாவின் மாப்பிள்ளை, பேன் சத்தத்தில் நித்திரை வரவில்லையென்று உம்மா வீட்டுக்குப் போனவர். போனவர் போனவர்தான்.

கமீலா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் மதிலடிக்குப் போனாள்.

"தங்கமக்கா, கோவிக்காதீங்க. உங்கட நாயால மருமகனுக்கு வீட்டுல இரிக்க ஏலாமக் கிடக்கு."

செல்லத்தங்கம் உரல் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏழு வருஷமா இஞ்சதானே கிடக்கு புள்ள. உன்ட மருமகன் வந்தாப் பிறகுதான் இந்தக் கத்துக் கத்துது. ஏனெண்டு அவரிட்டயே கேட்டுப் பாரன்."

மருமகனிடம் கேட்பதா! கமீலாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எங்கட மாப்பிள்ளையிலயா பிழை சொல்றீங்க? இருவது வருஷப் பழக்கமா, நாயா? நீங்களே முடிவெடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட்டாள். செல்லத்தங்கத்துக்குப் புருஷன் இல்லை. மகள் கேதீஸ்வரி கொழும்போடு போய்விட்டாள். அந்த வளவுக்குள் அவளுக்கென்று இருந்தது அந்த நாய்தான். அது கமீலாவுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துதான் சொன்னாள். மூன்றாம் நாள் கோமாரியிலிருந்து செல்லத்தங்கத்தின் தம்பி புண்ணியமூர்த்தி ஓட்டோவோடு வந்து ஜிம்மியைக் கட்டி ஏற்றிப் போனார். செல்லத்தங்கம் கமீலாவின் பக்கம் பார்க்காமல் கேற்றைச் சாத்தினாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஒழுங்கையே அமைதியாகக் கிடந்தது. கமீலா நன்றிக்கு இரண்டு றக்அத் தொழுதுவிட்டு, கொழுப்பும் எலும்புமாகப் பார்த்து வாங்கிய இறைச்சியை ஆக்கி வைத்தாள். மிஹ்லார் வந்தார், சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வெளியே யாரோ மெதுவாகச் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

மருமகன் மதிலடியில் குதிக்காலை உயர்த்தி நின்று, "ஜிம்மி... ஜிம்மி..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் பேப்பர்ச் சுருள். சுருளுக்குள் அவளுடைய எலும்புகள். எலும்பு மட்டுமா? நல்ல நல்ல இறைச்சித் துண்டும்!

யா அல்லாஹ்! கமீலா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே நின்றவள், மருமகன் திரும்பிக் குசினிப் பக்கம் வருவதைக்கூடக் கவனிக்கவில்லை. கதவடியில் வந்து நின்றுவிட்டார்.

"மாமி, ஜிம்மி எங்க?"

நாலு மாதத்தில் மருமகன் அவளிடம் கதைத்த முதல் கதை இது. கமீலா சட்டென்று சோற்றுப் பானையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கோமாரிக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் பானையைப் பார்த்து.

"ஏன்?"

"உங்களுக்காகத்தான் மகன்... அந்தச் சத்தம்..."

"எனக்காகவா?" மிஹ்லார் திகைத்துப் போனார். "ஐயோ மாமி, முதல் நாள் குலைச்ச பயத்துல நான்தான் ஒரு எலும்பப் போட்டன். அதோட பழகிட்டு. நான் வாற நேரத்தப் பாத்து மத்தியானத்துலேருந்தே தேடத் தொடங்கிட்டு. தொழுற உடம்பெண்டு தொடல்ல மாமி, மதிலுக்கு மேலால போட்டதுதான்."

இத்தனை நாளும் அந்த நாய் கத்தியது கமீலாவின் இறைச்சிக்கறிக்கு! அவர் இன்னும் முடிக்கவில்லை.

"வேல விட்டு வந்தா கதவெல்லாம் சாத்திக் கிடக்கும். வாங்க எண்டு சொல்ல ஒரு ஆளில்ல. அது மட்டும்தான் சத்தம் போட்டுக் கூப்பிடும். நான் வந்தது உங்களுக்குப் புடிக்கல்லயாக்கும் எண்டு நெனச்சன் மாமி. எங்கட உம்மா வீட்டயே போயிருவமா எண்டு அம்ஹாட்டக் கேட்டும் பாத்தன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கமீலா தாங்கியிருப்பாள். அவர் போன பிறகும் பானையைப் பார்த்தபடியே நின்றாள். எந்தக் கதவை மரியாதை என்று சாத்தினாளோ, அந்தக் கதவைப் பார்த்தல்லவா மாப்பிள்ளை பெட்டி கட்ட யோசித்திருக்கிறார்!

அன்றைக்கே, பொழுதுபட முன்னர், செல்லத்தங்கத்தின் கேற்றைத் தட்டினாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். செல்லத்தங்கம் கேற்றை முழுதாகத் திறந்தாள்.

"அவரிட்டக் கேளெண்டு சொன்னனா இல்லயா?"

"ஓம் அக்கா. சொன்னீங்க."

"ரெண்டு நாளா நான் சோறு திண்ணல்ல, தெரியுமா உனக்கு?"

கமீலா தலையைக் குனிந்துகொண்டாள். செல்லத்தங்கம் போனை எடுத்துத் தம்பிக்கு அடித்தாள். திங்கட்கிழமை கொண்டுவருவதாகப் புண்ணியமூர்த்தி சொன்னார்.

சனிக்கிழமையும் மிஹ்லாருக்குக் கந்தோரில் வேலை இருந்தது. நாலரை மணிக்கு மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. கமீலாவின் கை பழக்கத்தில் குசினிக் கதவுக்குத்தான் போனது. போன கையை இழுத்துக்கொண்டாள். முக்காட்டைக் கண் வரைக்கும் இறக்கி, முன்வாசலுக்கு வந்து படியில் நின்றாள்.

"வாங்க மகன்" என்றாள்.

மிஹ்லார் அப்படியே இறங்கி நின்றுவிட்டார். ஸ்டாண்ட் போட மறந்த மோட்டார் சைக்கிள் வாசலில் சரிந்து விழுந்தது.