நீலத் தாளும் மூன்றாம் நம்பர் மெஷினும்

தேர்தல் வந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு முன்புறப் புல்லில் கட்சி அட்டை முளைத்துவிடும். என் வீட்டுப் புல்லில் மட்டும் ஒன்றும் இருக்காது. நான் அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் குமாஸ்தா. எங்களுக்குக் கட்சி கூடாது, அட்டை கூடாது, நீதிபதி நியமனத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே எழுதி வாங்கிக்கொண்டார்கள். இதற்காகவே பக்கத்து வீட்டு நார்பர்ட் எனக்கு, எந்தச் சண்டையிலும் பக்கம் சேராத நாட்டின் பெயரை, 'சுவிட்சர்லாந்து' என்று வைத்திருந்தான்.

நார்பர்ட் என்னோடு பள்ளியில் படித்தவன். ஊர்க் காகித ஆலையில் மூன்றாம் நம்பர் மெஷினை முப்பத்துநான்கு வருடம் ஓட்டியவன். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. எதையும் கத்தித்தான் சொல்வான். ஐம்பத்தெட்டு வயதில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் இருபத்தாறு வயது ஆளை நிறுத்தினார்கள். வயதைக் காட்டி விலக்கியது தப்பு என்று வழக்குப் போட்டான். ஆலை வக்கீல் சமாதானம் பேச வந்தபோது, "உன் காசு யாருக்கு வேணும்? என் மெஷினக் குடுய்யா" என்று விரட்டிவிட்டான். ஆலைக்குப் போட்டுப்போகும் இரும்பு முனை பூட்ஸை ஞாயிறுதோறும் எண்ணெய் தடவித் துடைத்து வாசற்கதவு ஓரமாக வைப்பான். "இந்த வீட்ல என்னைவிட அதுக்குத்தான் கவனிப்பு ஜாஸ்தி" என்பாள் அவன் மனைவி மார்லிஸ்.

விசாரணைக்குத் தேதி குறித்த கையோடு எங்கள் நீதிபதி ஓய்வு பெற்றார். எங்கள் ஊருக்கு அவர் ஒருவர்தான். குடியரசுக் கட்சி ஜனாதிபதி அந்த நாற்காலிக்கு குவிஸ்ட் என்ற வக்கீலின் பெயரைச் சொன்னார். ஊரறிந்த பழமைவாதி. காலமெல்லாம் கம்பெனிகளுக்கு வாதாடியவர். பெயர் வந்ததும் மாநிலத்தின் செனட்டர்கள் இருவரும் ஆளுக்கொரு நீலத் தாளில் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு தாள் வராவிட்டாலும் பெயர் அப்படியே கிடக்கும். எங்கள் செனட்டர்கள் கட்சிக்கு ஒருவர். ஜனநாயகக் கட்சி அம்மாள் தாளை அனுப்பாமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரிக் குளிரில் ஒருநாள் நார்பர்ட் என் வாசலில் நின்றான். நீலத் தாளை அனுப்பாதீர்கள், குவிஸ்ட் வேண்டாம் என்று அந்த அம்மாளுக்கு எழுதிய மனு அவன் கையில் இருந்தது.

"நூத்திப்பதினாலு கையெழுத்து வாங்கிட்டேன். நீயும் ஒண்ணு போடு, பெர்னடீன்."

"நான் போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அந்த ஆளு வந்து உக்காந்தா என் கேஸு அவ்வளவுதான். மொத நாளே தூக்கிக் குப்பையில போட்டுருவான். உனக்கென்ன, சுவிட்சர்லாந்து! மாசமானா சம்பளம்."

எனக்குத் தெரிந்த ஒன்று அவனுக்குத் தெரியவில்லை. வெளியூர் நீதிபதி மாதத்தில் இரண்டு நாள் வருவார், கைதிகளின் வழக்கை மட்டும் பார்ப்பார், போய்விடுவார். நாற்காலி காலியாக இருக்கும்வரை நார்பர்ட்டின் வழக்குக் கட்டு அலமாரியை விட்டு இறங்காது. தன் வழக்கைத் தானே முடக்கிப்போட வீடு வீடாக ஏறி இறங்குகிறானே, மடையன்!

"நார்பர்ட், ஒண்ணு சொல்றேன்..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன?" என்று காதருகே கையைக் குவித்தான்.

அந்த மனுவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னாலும் வேலை போய்விடும். ஐம்பத்தெட்டு வயதில் வேலை போனால் என்ன ஆகும் என்பதற்கு எதிரில் நிற்பவனே சாட்சி. வாயை மூடிக்கொண்டேன். அவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.

தாள் போகவில்லை. குவிஸ்ட் பெயர் கிடந்து காலாவதியானது. அடுத்த தேர்தலில் ஜனாதிபதி மாறினார். புதியவர் தொழிலாளர் பக்கம் வாதாடும் ஒரு வக்கீலைச் சொன்னார். இந்தத் தடவை குடியரசுக் கட்சி செனட்டர் தன் தாளை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். போன முறை நீங்கள் செய்ததுதானே என்றார்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்காக ஊரே கூடும் மதுக்கடையில் நார்பர்ட் மேஜையைக் குத்தினான். "அநியாயம்! ஒரு காயிதத்த மடியில வெச்சுக்கிட்டு ஊரையே காக்க வெக்கிறான்!"

"நீ கையெழுத்து வாங்கினப்ப மட்டும் இனிச்சுதாக்கும்?" என்றான் அடுத்த மேஜைக்காரன். இருவரும் எழுந்துவிட்டார்கள். மார்லிஸ் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். நான் என் தட்டில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதத்தின் முதல் திங்களன்று தவறாமல் போன் செய்வான். "தேதி வந்துச்சா?" "இன்னும் இல்ல, நார்பர்ட்." எத்தனை மாதம் இதையே சொன்னேன்! ஆறாவது வருடம் ஆலையை மூடினார்கள். "கோர்ட்டு உத்தரவு போட்டா தொறந்துதானே ஆகணும்?" என்றான். ஞாயிறன்று பூட்ஸுக்கு எண்ணெய் போட்டான். எனக்கு அழுகை வந்தது.

ஏழாவது வருடம் மறுபடி ஜனாதிபதி மாறி, மறுபடி குவிஸ்ட் பெயர் வந்தது. அந்த அம்மாள் பதவியில் இல்லை. இரண்டு தாளும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தன. குவிஸ்ட் வந்த முதல் நாள், "இருக்கறதுலயே பழைய கட்டைக் கொண்டாங்க" என்றார். நார்பர்ட்டின் கட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.

விசாரணையன்று அவன் அந்த பூட்ஸோடு வந்தான். கோர்ட் வாசலில் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி அலறியது. காவலர் கழற்றச் சொன்னார். அறுபத்தைந்து வயது மனிதன் பூட்ஸைக் கையில் பிடித்தபடி காலுறையோடு விசாரணை அறைக்குள் வந்தான். நான் அவன் பெயரைக் கூப்பிட்டேன். அவன் பயந்த குவிஸ்ட் இரண்டு நாளும் அவனை ஒரு இடத்தில்கூட மறிக்கவில்லை. நடுவர்களாக உட்கார்ந்த ஊர்க்காரர்கள் அவன் பக்கமே தீர்ப்பு சொன்னார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று குவிஸ்ட் கேட்டார்.

"என் வேல. மூணாம் நம்பர் மெஷின்."

ஆலை வக்கீல் எழுந்தார். "அதைப் பிரிச்சு இரும்பு வெலைக்கு வித்தாச்சுங்க."

குவிஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லாத மெஷின்ல உங்கள நிறுத்த என்னால உத்தரவு போட முடியாது. பணமாத்தான் தரச் சொல்ல முடியும். ரெண்டு வருஷம் முந்தி இந்தக் கேஸு வந்திருந்தா..." என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் நார்பர்ட் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு விழவில்லை. குனிந்து நானே கட்டிவிட்டேன்.

"பெர்னடீன்," என்றான். கத்தவில்லை. "அன்னிக்கு மனுவோட வந்தப்ப ஏதோ சொல்ல வந்தியே. என்ன அது?"

"ஒண்ணுமில்ல," என்றேன். "குளிருது, வீட்டுக்குப் போன்னு சொல்ல வந்தேன்."