அப்பாவின் காரும் என் ஈயச்சொம்பும்

என் கல்யாணச் சீரில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஈயச்சொம்பு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் அகத்தில் ரசத்துக்குச் சாத்தமுது என்று பெயர். ஈயச்சொம்பில் வைக்காவிட்டால் அது வெறும் புளித்தண்ணீர். பெரிய கடை வீதிக்கு நானே போய், சொம்பைக் காதருகில் வைத்து விளிம்பை லேசாக அழுத்திப் பார்த்து வாங்கினேன். கறகறவென்று அழ வேண்டும். அழுதால்தான் அசல் வெள்ளீயம்.

அப்பாவின் ஆசை வேறு. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தன் காரில்தான் போக வேண்டும். அது மேல்மூடி இல்லாத பழைய சீமைக் கார். யாரோ வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போனது. தப்பித்தோம் பிழைத்தோம் என்றுதான் விற்றிருப்பான். முந்தின வருஷம் பெரியப்பா பெண் கல்யாணத்தில் அது சித்திரை வீதி முனையில் டகடகவென்று அடித்துக்கொண்டு நின்றேவிட்டது. கோட்டும் சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினார். அதற்கப்புறம் அப்பா கோயிலுக்குக்கூடச் சந்து வழியாகத்தான் போவார். போன மானத்தை என் கல்யாணத்தில் மீட்டே தீருவது என்று, பாலக்கரை மெக்கானிக் பாயிடம் காரை விட்டு இன்ஜினைப் பிரிக்கச் சொன்னார்.

பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தது, பாய் மாற்றினார். வால்வு கருகியிருந்தது, மாற்றினார். ஆனால் பேரிங்கில் ஊற்றியிருந்த ஈயம் தேய்ந்துபோய் இரும்போடு இரும்பு மோதிக்கொண்டிருந்தது. அந்த டகடகவுக்கு அதுதான் காரணம்.

"முன்னாடி யாரோ மட்ட ஈயத்தை ஊத்திட்டாங்க சாமி. கடையில கிடைக்கிறதெல்லாம் கலப்படம். நல்ல வெள்ளீயமாக் கொண்டாங்க, உருக்கி ஊத்திடறேன்" என்றாராம் பாய்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு கார் வந்தது. சத்தமே இல்லை. வாசலுக்கு ஓடினேன். பாய் பூரித்துப்போய் நின்றார்.

"சாமி குடுத்த சொம்பு சொக்கத் தங்கம்மா! காதுல வெச்சு அழுத்தினேன், என்னமா அழுதுச்சு!"

"எந்தச் சொம்பு?" என்றேன். அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

ஓடிப்போய்ச் சீர்ப்பெட்டியைத் திறந்தேன். சொம்பு இருந்த இடத்தில் வைக்கோல் மட்டும் இருந்தது. சொம்பு அழுதாயிற்று, இனி என் முறை என்று உட்கார்ந்து அழுதேன்.

"பெத்த பொண்ணோட சீரை உருக்கிக் கார்ல ஊத்துவாளா யாராவது?"

"கத்தாதேடி. மாப்பிள்ளையாத்துக்காரா காதுல விழப்போறது. வேறே வாங்கித் தரேன்" என்றார் அப்பா. கல்யாண அமளியில் அதைச் சுத்தமாக மறந்தும் போனார்.

சும்மா சொல்லக்கூடாது, ஊர்வலத்தில் கார் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. நாதஸ்வரக்காரர் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. போன வருஷம் மானம் போன அதே முனையில் அப்பா வேண்டுமென்றே வண்டியை அணைக்கச் சொல்லி, மறுபடியும் கிளப்பச் சொன்னார். பெரியப்பா பார்க்கிறாரா என்று ஒரு கண் அந்தப் பக்கம். அப்பா முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. என் கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் முகூர்த்தம் ஆனதும் கூடத்தில் சீரைப் பரப்பி வைத்தோம். என் மாமியார் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எல்லாம் இருக்கு. ஈயச்சொம்பைக் காணோமே? சாத்தமுதை எதுல பண்றது?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உத்தரத்தைப் பார்த்தார். புதுப்பெண் வாயைத் திறக்கக் கூடாதுதான். எனக்கு அடக்கத் தெரியவில்லை.

"போன வாரம் வரைக்கும் இருந்தது. அப்பா அதை உருக்கிக் கார் இன்ஜின்ல ஊத்திட்டார். நேத்து உங்க பிள்ளை அதுலதான் ஊர்வலம் வந்தார்."

மாமியார் வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார்.

"அப்போ சொம்பு கார்லதான் இருக்கு?"

"ஆமாம்."

"சரி, அப்போ காரையும் சீரோட வெச்சுடுங்கோ."

கூடமே கொல்லென்று சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா அந்த நிமிஷமே சொம்பு வாங்கக் கிளம்பினார். வாசலில் கார் தயாராகத்தான் நின்றது. அவர் அதன் சாவியை மடியில் செருகிக்கொண்டு, பஸ் ஏறிப் போனார்.