ஜாங்கிரிக்கு மூன்று நாள் பட்டினி

ஜோசபின் வேலை பார்க்கும் ஹூஸ்டன் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளியின் கதவில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். என்.பி.ஓ. என்று மூன்றே எழுத்து. வாய்வழியே எதுவும் கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலையில் அந்த அட்டையை மீறி ஒரு மடக்குத் தண்ணீர்கூட அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. கெஞ்சியவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜோசபின் அசையவில்லை.

அப்படிப்பட்டவள், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி ஊரில் உள்ள தன் வீட்டு மீன் தொட்டியின் முன்னால் தோற்றுப்போனாள்.

மீனின் பெயர் ஜாங்கிரி. ஆரஞ்சு நிறம், உருண்டை வயிறு, முந்தானை போல விரிந்த வால். ஏழு வருடத்துக்கு முன் மகள் பிரீத்தா அடம்பிடித்து வாங்கிய தங்கமீன். பிரீத்தா இப்போது ஆஸ்டினில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். காரில் இரண்டரை மணி நேரத் தூரம்தான். ஆனால் போன வருடம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, ஜோசபினுக்கு அது கடல் தாண்டிய தூரமாகத்தான் தெரிந்தது.

முதல் சில மாதங்கள் ஜோசபின்தான் தினமும் போன் செய்தாள். சாப்பிட்டாயா, சர்ச்சுக்குப் போனாயா, டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் "ஃபைன்" என்று ஒரே பதில் வரும். பிறகு போனை எடுப்பதே குறைந்தது. ஒருநாள் பிரீத்தா தானாகவே கூப்பிட்டாள்.

"அம்மா, ஜாங்கிரியைக் காட்டு."

அன்றிலிருந்து மாலை ஏழு மணிக்கு அந்தப் போன் தவறியதில்லை. பிரீத்தா தன் பக்கத்துக் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவாள். ஜோசபின் போனைத் தொட்டியின் மேல் திருப்பிப் பிடிப்பாள். மீன் வாலை ஆட்டும். மகள் சிரிப்பாள். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் ஜோசபின் மீதி நாளை ஓட்டினாள். மீன் இல்லாவிட்டால் போனும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இதை அவள் கணவன் கிருபைராஜிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு வியாழக்கிழமை ஜாங்கிரி ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. வயிறு உப்பியிருந்தது. கீழே போக முயன்றால் தக்கை போல மேலே வந்துவிட்டது. போனில் பார்த்த பிரீத்தாவின் குரல் மாறிவிட்டது.

"ஓவர்ஃபீடிங், அம்மா. வயிறு முட்டிப்போய், உள்ள மிதக்க வைக்கிற காத்துப் பைய அமுக்குது. த்ரீ டேஸ் நோ ஃபுட். அப்புறம் வேகவெச்ச பட்டாணி, தோல உரிச்சு. பிராமிஸ்?"

"பிராமிஸ்டி."

மறுநாள் ஜோசபின் ஒரு சிவப்பு அட்டையை வெட்டி, என்.பி.ஓ. என்று எழுதித் தொட்டியில் ஒட்டினாள். கிருபைராஜ் சிரித்தார்.

"ஆபரேஷன் எப்போ, சிஸ்டர்?"

"சிரிக்காதீங்க. நீங்கதான் தெனம் அள்ளி அள்ளிப் போட்டது."

"நான் போட்டா அள்ளிப் போட்டது. நீ போட்டா பாசமா?"

அன்று மாலை வேலை முடிந்து வந்த ஜோசபின், தட்டில் தோசையோடு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். ஜாங்கிரி சாய்ந்தபடியே கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தங்கமீன் எப்போதும் அப்படித்தான் செய்யும். பசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது ஜோசபினுக்குத் தெரியும். ஆனாலும் தோசைத் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து போய் இரண்டே இரண்டு உருண்டைத் தீனி போட்டாள். திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். மாதம் ஒரு வீடு என்று முறை. பேர்லேண்டிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர்களும் உண்டு என்பதால், ஐந்து மணிக்கே வடையும் கேக்கும் டீயும் பரிமாறிவிடுவார்கள். பிறகு பாட்டு, வேத வாசிப்பு, கடைசியில் சாட்சி. அந்த மாதம் கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ஜோசபின் பாதி நேரம் சமையலறையில் இருந்தாள்.

ஏழு மணிக்கு, சாட்சி நேரத்தின் நடுவில், போன் அடித்தது. ஜோசபின் எழுந்து தொட்டிக்குப் போனாள்.

ஜாங்கிரி தலைகீழாகக் கிடந்தது. வெள்ளை வயிறு மேலே. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. தண்ணீரில் கேக் துணுக்குகள் ஊறி மிதந்தன.

"யாரு இதுல கேக் போட்டது?"

யாழ்ப்பாணத்துக்காரரான நேசமலர் அக்கா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"பாவமாக் கிடந்தது பிள்ளை. வாயைத் திறந்து திறந்து காட்டினது. சின்னத் துண்டுதான் போட்டனான்."

ஜெஃப்ரின் எழுந்தான். எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞன், கூட்டத்தில் வாயே திறக்காதவன். "ஆன்ட்டி, நானும்தான். பக்கத்துல இருந்த தீனி டப்பாலேர்ந்து ஒரு பிஞ்ச். அந்தக் கார்டை ஏதோ ஸ்டிக்கர்னு நெனச்சுட்டேன்."

"சாட்சி சொல்லடா எண்டு ஒரு வருஷமாக் கெஞ்சினம்," என்றார் நேசமலரின் கணவர் வரதராஜா. "இண்டைக்குத்தான் பொடியன் எழும்பியிருக்கிறான்."

கிருபைராஜ் தொண்டையைச் செருமினார். "மத்தியானம் கொஞ்சம் பிரெட். ஓரம்தான்."

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கிருபைராஜ் கிசுகிசுத்தார்: "எடுக்காத. கூட்டம் முடிஞ்சு பேசுறோம்னு மெசேஜ் போட்டுரு."

ஜோசபின் எடுத்தாள். தொட்டியைக் காட்டினாள். மறுமுனையில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு கேள்வி, "ஹூ ஃபெட் ஹிம்?"

அந்த நேரத்தில் பழியை மற்றவர்கள் மேல் போட்டுவிட்டு அவள் தப்பித்திருக்கலாம். மூன்று பேர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு பதினைந்து பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் முதல்ல போட்டேன். நேத்து சாயங்காலம். ரெண்டு உருண்டை."

"யூ ஆர் எ நர்ஸ், அம்மா!"

அந்த ஒரு வாக்கியம் ஜோசபினின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. பிரீத்தா அழுதுகொண்டே வேலையைச் சொன்னாள். பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். அதே சூட்டில் புதுத் தண்ணீர். குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தை முதலில் விட வேண்டும். வயிற்று உப்பல் இறங்க எப்சம் உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். சொல்லி முடித்ததும் போன் நின்றது.

ஜெபக்கூட்டம் அப்படியே வாளி தூக்கும் கூட்டமாக மாறியது. வரதராஜா குழாயில் உறிஞ்சித் தண்ணீரை இறக்கினார். ஜெஃப்ரின் வாளி வாளியாகக் குளியலறைக்குச் சுமந்தான். நேசமலர் அக்கா தண்ணீரில் கைவிட்டுச் சூடு பார்த்துக்கொண்டே ஜெபித்தார். எட்டரை மணிக்குத்தான் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் போன் வரவில்லை. "ஹவ் இஸ் ஹி" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. "உயிரோட இருக்கு" என்று ஜோசபின் பதில் போட்டாள். திங்கட்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். அவள் ஏழிலிருந்து எட்டு வரை சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள். கிருபைராஜ் டிவியைப் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த இரண்டு நாளும் தொட்டிக்குள் ஒரு துணுக்கு விழவில்லை. தீனி டப்பாவைத் தன் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள் ஜோசபின்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. வயிற்று உப்பல் குறைந்திருந்தது. ஒரு பட்டாணியை வேகவைத்துத் தோலுரித்து, நான்காக நறுக்கி, ஒரு துண்டை விரல் நுனியில் வைத்துத் தண்ணீருக்குள் நீட்டினாள். ஜாங்கிரி பக்கவாட்டிலேயே தத்தித் தத்தி வந்து கவ்வியது. துப்பியது. மறுபடி கவ்வியது. விழுங்கிவிட்டது. மாலைக்குள் முதுகு மேலே வந்துவிட்டது. இடதுபக்கம் மட்டும் லேசான சாய்வு. அது இனி போகாது என்று தோன்றியது.

கிருபைராஜ் வேலையிலிருந்து வந்து பார்த்தார். "வீடியோ எடுத்து அனுப்பு. உடனே கூப்பிடுவா பாரு."

ஜோசபின் வீடியோ எடுத்தாள். அனுப்பப் போன விரல் நின்றது. அதை அழித்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். ஏழு முறை மணி அடித்த பிறகுதான் பிரீத்தா எடுத்தாள்.

"இஸ் ஹி டெட்?"

"இல்லடி. பட்டாணி சாப்பிட்டான். நேரா நீந்துறான், கொஞ்சம் சாய்ஞ்சு."

"ஓ மை காட். ஷோ மீ!"

"காட்டுறேன். முதல்ல நீ உன் முகத்தக் காட்டு."

"என்னது?"

"கேமராவ ஆன் பண்ணு. உன்னப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

பிறகு திரை வெளிச்சமானது. பிரீத்தா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் ஓரம் சிவந்திருந்தது. இடுப்பு வரை தொங்கிய தலைமுடி காதளவில் நின்றது.

"முடிய எப்போ வெட்டுன?"

"லைக், சிக்ஸ் வீக்ஸ் ஆச்சும்மா. திட்டுவியோன்னுதான் கேமராவ ஆன் பண்ணல."

ஜோசபினுக்குத் திட்டத்தான் வந்தது. ஆறு வாரம். தினமும் பத்து நிமிடம் மகளோடு இருந்தும் இது தெரியவில்லை. அவள் போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் திரும்பு. பின்னாடி எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்."

பிரீத்தா திரும்பிக் காட்டினாள்.