முதல் பக்கத்துக்குப் போகும் வழி

ஊரில் உள்ள கடைகளின், பட்டறைகளின் இணையதளங்களைத் தேடல் முடிவுகளில் முதல் பக்கத்துக்கு ஏற்றிவிடுவது என் தொழில். இதில் நமக்குச் சம்பளம் தருவது யாரென்று தெரியும், மார்க் போடுவது யாரென்றுதான் கடைசிவரை தெரியாது.

திருச்செங்கோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். நானும் மஞ்சுவும்தான் மொத்த ஆபீஸ். இதே வேலையில் அல்லாடுகிற உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. பல் துலக்கும் முன்பே போனை எடுத்து, எந்த வாடிக்கையாளர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்று பார்ப்பீர்கள். மூன்றிலிருந்து ஏழுக்கு இறங்கியிருந்தால் அன்றைக்குக் காபி கசக்கும். முந்தின நாள் ஏழிலிருந்து மூன்றுக்கு ஏறியது ஏன் என்பதும் தெரிந்திருக்காது. அந்தப் புலம்பல் நமக்குள் எப்போதும் இருப்பதுதான். இங்கே எழுதப்போவது, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்ற சில நாட்களைப் பற்றி.

பத்து டிரைவர்கள், பத்து போன்கள்

சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர் குழந்தைவேல். அவருடைய தளத்துக்கு நான்தான் எழுதினேன். 'கனரக வாகனக் கட்டுமானத்தில் நம்பிக்கைக்குரிய பெயர்' என்று அழகழகாக எழுதியிருந்தேன். மூன்று மாதமாகியும் அதைப் பார்த்துவிட்டு ஒரு புது ஆள் வரவில்லை. அவருடைய போனில் தேடினால் மட்டும் அவர் பட்டறைதான் முதலில் வரும். தன் தளத்தையே தினமும் பத்துத் தடவை திறந்து பார்க்கிறவருக்குப் போன் அதைத்தான் முதலில் காட்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவரிடமும் சொன்னேன். எழுந்து போய்விட்டார். சரி, இந்த வாடிக்கையாளர் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் பைபாஸ் ஓரம் நின்றிருந்த லாரிகளிடம் போயிருக்கிறார். டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "உங்க வண்டிக்குப் புதுசா பாடி கட்டோணும்னா செல்லுல என்னன்னு தேடுவீங்க? எனக்கு முன்னால தேடிக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். பத்துப் பேர் தேடியதையும் ஒரு டீசல் பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டு நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தார். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட எழுத்துகளைத் தட்டவில்லை. எல்லோரும் போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசியிருக்கிறார்கள். 'பன்னண்டு சக்கர வண்டிக்கு பாடி கட்ற எடம்.' 'பாடி கட்ட எத்தன நாளாவும்.' 'பழைய பாடிய ரிப்பேர் பண்ணுவாங்களா.' நான் எழுதிய ஒரு வார்த்தைகூட அந்த பில்லில் இல்லை. அந்தக் கேள்விகளையே தலைப்புகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொல்ல, நான் எழுதினேன். இரண்டாவது மாதம் தளம் முதல் பக்கத்துக்கு வந்தது. ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"அம்மணி, நீங்க முன்னால எழுதுனது கல்யாணப் பத்திரிகையாட்டம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா வண்டி ஓட்றவன் வழி கேக்கறப்ப பத்திரிகையவா படிச்சுக் காட்டுவான்?"

நாற்பது படங்கள்

குமாரபாளையத்தில் சுப்ரமணி என்பவருக்கு விசைத்தறிகள் இருக்கின்றன. துண்டும் பெட்ஷீட்டும் நெய்கிறார். சர்க்கரை வியாதியில் பார்வை போய்ப் பல வருடம் ஆகிறது. அவருடைய போன் திரையில் இருப்பதை எல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டும். தளம் தயாரான மறுநாள் அவரிடமிருந்து அழைப்பு. "நாப்பது துணி போட்டிருக்கறதா சொன்னீங்க. என்ற போனு 'படம், படம், படம்'னு நாப்பது தடவ சொல்லுது. அந்தப் படத்துல எல்லாம் என்னதாங்க இருக்குது?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. போன் படித்துக் காட்டுவதற்காக, ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அது என்னவென்று ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதவில்லை. பொய் சொல்லாதீர்கள், நீங்களும் எழுதுவதில்லை. வெட்கத்தோடு பஸ் ஏறிப் போனேன். இரண்டு நாள் அவர் எதிரில் உட்கார்ந்து எழுதினோம். நான் நிறத்தைச் சொல்வேன். அவர் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டு மற்றதைச் சொல்வார். எந்தத் துண்டு தண்ணீரைச் சீக்கிரம் இழுக்கும், எது நாலு வெளுப்புக்கு அப்புறம்தான் மிருதுவாகும், எல்லாம். ஒரு பெட்ஷீட்டின் ஓரத்தைத் தடவியவர், "இது மூணாவது தறி. அதுல ஓரம் கொஞ்சம் இறுகும்" என்றார். மேஸ்திரியிடம் கேட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம், மூணாவது தறிதான் என்றார்.

சில வாரங்களில், படங்களைத் தேடுகிறவர்களுக்கு அவருடைய துணிகள் முதல் வரிசையில் வர ஆரம்பித்தன. காரணம் கேட்டார். தேடுகிற இயந்திரம் நம்மைப் போலப் படத்தைப் பார்க்காது, பின்னால் எழுதியிருக்கிற வரியைப் படித்துத்தான் பெரும்பாலும் புரிந்துகொள்ளும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அதுக்கும் கண்ணு தெரியாதுங்களா? அப்பறம் என்னங்க, நாங்க ரெண்டு பேரும் ஒத்துப் போயிருவோம்."

ஒரு திங்கட்கிழமை

இது உங்கள் எல்லோருக்கும் நடந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேரின் தளங்களைக் காணவில்லை. தேடல் கம்பெனிக்காரர்கள் வரிசைப்படுத்தும் விதியை மாற்றிவிட்டார்கள். மல்லசமுத்திரத்தில் கடலை எண்ணெய் ஆட்டும் ரத்தினம் அக்காவின் தளம் ஒரு வருடமாக முதலிடத்தில் இருந்தது. எட்டாவது பக்கம் வரை தேடியும் அகப்படவில்லை. போனில் சொல்லத் தைரியம் வராமல் நேரிலேயே போனேன். அவர் செக்குக்குப் பக்கத்தில் நின்று கடலையைக் கொட்டிக்கொண்டிருந்தார். யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை அக்கா, கதவும் இல்லை, ஆளும் இல்லை என்று சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு மாதம் கழித்து, நாங்கள் எதையும் தொடாமலேயே அது பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் காரணம் தெரியாது. ஆனால் அது திரும்பி வரும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அக்கா செக்கை நிறுத்தினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏஞ்சாமி, இதுக்கா அழுவற? ஊட்டுக்கு வர்ற வழிதான காணாமப் போச்சு, ஊடு இங்கதான இருக்குது."

நானூறு அடிக்குக் கீழே

இதை யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்றே நினைக்கிறார்கள். கூட்டவில்லை.

எங்கள் ஊரில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடை ஒன்று எங்கள் வாடிக்கையாளர். பெரிய பெரிய கம்பெனிகள் முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தன. நுழைய இடமே இல்லை. அந்தக் கடையின் மெக்கானிக் அங்கமுத்து அண்ணனிடம், "ஜனங்க உங்ககிட்ட அடிக்கடி என்னண்ணா கேப்பாங்க?" என்றேன். "ஹேமர் மாட்டிக்கிச்சு, எப்படி எடுக்கறதுன்னுதான் அம்மணி" என்றார். ஹேமர் என்பது குழிக்குள் இறக்கும் ராடுகளின் நுனியில் இருந்து பாறையை உடைக்கும் இரும்பு. அது ஆழத்தில் சிக்கிக்கொண்டால் போட்ட குழியும் போச்சு, இறக்கிய ராடும் போச்சு. அவர் ஒரு மணி நேரம் சொன்னதை அப்படியே எழுதினேன். மஞ்சுவின் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே இருந்தவர். அவள் அங்கே படித்தவள். அவள் அதை இந்தியிலும் எழுதினாள். தமிழில் மூன்றாவது இடம். இந்தியில் முதலிடம்.

ஒரு மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு கிராமம். அந்த ஊருக்கே அதுதான் முதல் போர்வெல். நானூறு அடியில் ஹேமர் சிக்கி இரண்டு நாள் ஆகிறது. ரிக் ஆபரேட்டர் போனில் தேடி எங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு அழைத்திருக்கிறார். இந்தி தெரியாத கடைக்காரர் எங்களைக் கூப்பிட, மஞ்சுவும் நானும் கடைக்கு ஓடினோம். போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் முன்னால் வைத்தோம். "மொதல்ல இழுக்கறத நிறுத்தச் சொல்லு" என்றார். கடைசியாக மேலே வந்த மண் என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பு, கையில் ஒட்டுகிறது என்று பதில் வந்தது. "மேல இருந்து களிமண்ணு சரிஞ்சு ஹேமர் தலையில உக்காந்திருக்குது. சோப்புத் தண்ணி ஊத்தச் சொல்லு. காத்துக் குடுத்துக்கிட்டே ஒரு சாண் மேல, ஒரு சாண் கீழ, மெதுவா சுத்தோணும். அவசரப்படக் கூடாது."

இரண்டு மணி நேரம் போனை வைக்கவே இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது வெறும் இரைச்சல். திடீரென்று, "சத்தம் மாறுது. இப்ப தூக்கச் சொல்லு, இப்ப!" என்றார். மஞ்சு இந்தியில் கத்தினாள். அந்தப் பக்கம் எஞ்சின் உறுமியது. அப்புறம் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகக் கூச்சல் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. சிக்கலை எடுத்துவிட்டு அதே குழியில் இன்னும் கொஞ்சம் ஓட்டியிருக்கிறார்கள். மரம் உயரத்துக்குத் தண்ணீர் பீச்சியடிக்கிறது. பெண்கள் சேலையோடு அதில் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். அங்கமுத்து அண்ணன் அதை மூன்று தடவை பார்த்தார். பிறகு போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, சின்னக் குழந்தை கேட்பது போலக் கேட்டார்.

"அந்த ஊரு பேரக்கூட நான் கேட்டதில்ல அம்மணி. அது எப்படி என்னையத் தேடிக் கண்டுபுடிச்சுது?"

இயந்திரத்தின் மனதைப் படிக்கிற வேலை என்று நம்பி இதற்கு வந்தேன். மனிதர்களைக்கூடக் கொஞ்சம் படித்துவிட்டேன், அந்த இயந்திரம்தான் இன்னும் எனக்குப் பிடிகொடுக்கவில்லை.