இரண்டாவது புள்ளடி

என் கடையில் வேலை செய்யும் ஒருவனின் வாக்கை நான் திருடினேன். இதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்ல எத்தனையோ விதமாக முயன்று பார்த்துவிட்டேன். எப்படிச் சொன்னாலும் களவு களவுதான்.

நான் இலங்கையில் குருக்கள்மடத்தான். லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன நகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அவன் எங்களுக்குப் பக்கத்து ஊர், தேற்றாத்தீவு. படிக்க வந்து, பட்ட பாட்டுக்கெல்லாம் பிறகு நிரந்தர விசா எடுத்தவன். ஐந்து வருடமாக என்னிடம் நிற்கிறான். கடைக்கு மேலேயுள்ள அறையில்தான் இருக்கிறான். மனைவியும் மூத்த மகளும் ஊரில்; வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வருவான். அவர்களைக் கூப்பிடுவதென்றால், இவ்வளவு சம்பளம் வாங்குகிறேன் என்று அவன் அரசாங்கத்துக்குக் காட்டவேண்டும். நான் கொடுக்கிற சம்பளம் அதற்குக் கொஞ்சம் காணாது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அந்தக் கதையை எடுப்பதில்லை.

லண்டன் பாராளுமன்றத் தேர்தல் அறிவித்த நேரம் அவன் மனைவிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியிருந்தது. ஆறு கிழமை லீவு கேட்டான், கொடுத்தேன். போகுமுன் ஒரு படிவத்தோடு கல்லாப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். இலங்கைப் பிரஜை என்றாலும், விசாவோடு லண்டன் பக்கம் வசிப்பவருக்கு வாக்கு உண்டு. நாட்டில் இல்லாவிட்டால், தனக்குப் பதிலாகப் போய் வாக்குச் சீட்டில் புள்ளடி என்ற பெருக்கல் குறியைப் போட இன்னொருவரை நியமிக்கலாம்.

“அண்ணன், எனக்காக நீங்க போய் ஒரு புள்ளடி போடணும். மணித்தியாலச் சம்பளத்தக் கூட்டுறம் எண்டு சொல்ற கட்சிக்கு. அவங்க வந்தா எனக்குக் கணக்குச் சரிவந்திரும், பொஞ்சாதி புள்ளைகளக் கூப்பிட்டிரலாம்.” கொஞ்சம் நிறுத்தி, தலையைச் சொறிந்தான். “உங்களுக்கு அது நட்டம் எண்டு தெரியும். ஆனா வேற ஆரக் கேக்க?”

“அதுக்கென்ன தம்பி, போட்டுர்றன்” என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் மனதில் ஒரு கள்ளமும் இல்லை.

நானும் ஒரு காலத்தில் உணவகத்தில் கோப்பை கழுவினவன். அப்போது என் புள்ளடியும் கூலிக்காரரின் கட்சிக்குத்தான் விழுந்தது. கடை வாங்கின பிறகு வரி, மின்சாரக் கட்டணம், சம்பளம் என்று வாயைத் திறந்தால் அதே புலம்பல். கோயில் பூசை முடிந்து வாசலில் கடைக்காரர்கள் நாலு பேர் கூடினால், நேற்று வந்தவனெல்லாம் நாட்டைக் கெடுக்கிறான் என்று ஆளுக்காள் பேசுவோம். நாங்கள் எல்லோரும் முந்தாநாள் வந்தவர்கள்! அதே வாயால் ஊரிலிருக்கும் என் கூடப்பிறந்த தம்பியைத் தொலைபேசியில் ஏசியிருக்கிறேன்: “கூரைத் தகரத்துக்கும் ரெண்டு பை சீமெந்துக்கும் வோட்ட விக்கிறீங்களே, வெக்கமில்லையாடா?” நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

வாக்களிப்பு நாளன்று கடைக்குப் பக்கத்து மண்டபத்துக்குப் போனேன். அடையாள அட்டையைக் காட்டினேன். இரண்டு சீட்டுகள் தந்தார்கள், ஒன்று எனது, மற்றது அவனது. எனது சீட்டில் வரி குறைக்கும் கட்சிக்குப் புள்ளடி போட்டேன். பிறகு அவனது சீட்டை விரித்தேன். பென்சில் அவன் சொன்ன கட்சியின் பெயருக்கு நேரே போனது. சம்பளம் கூடினால் அவனுக்கு மட்டுமா கூடும்? கடையில் நிற்கும் மூன்று பேருக்கும் கொடுக்கவேண்டும். அவனுடைய குடும்பம் வந்துவிட்டால் இரவு பத்து மணிவரை கடையில் எவன் நிற்பான்? இவ்வளவும் ஒரு நொடியில் வந்து போனது. அவனது சீட்டிலும் என் கட்சிக்கே புள்ளடி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, வெளியே வந்து வெயில் நல்லாயிருக்கிறது என்று யாரிடமோ சொன்னேன்.

எங்கள் தொகுதியில் வென்றவர் மலையளவு வித்தியாசத்தில் வென்றார். ஒரு வாக்கால் என்ன வந்துவிடப்போகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அப்படியென்றால் ஏன் திருடினாய், மடையா?

மூன்று கிழமை கழித்துக் குடும்ப அலுவலாக ஊருக்கு வந்தேன். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? காத்தான்குடிக் கடைத்தெருவில் இறங்கி ஒரு கட்டுக் குழந்தை உடுப்பு வாங்கிக்கொண்டு தேற்றாத்தீவுக்குப் போனேன். அரைகுறையாய்ப் பூசிய இரண்டு அறை வீடு. அவன் பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டான். அவன் மனைவி பிள்ளையோடு கட்டிலில் இருந்தாள். எனக்கென்று வாவி நண்டு வாங்கிக் காய்ச்சியிருந்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்: “அண்ணன், என்ட வோட்டப் போட்டீங்கதானே?”

“ஓம்.”

“நான் சொன்ன கட்சிக்குத்தானே?”

“ஓம் தம்பி.”

“உங்கட வோட்ட?”

அதிலாவது உண்மை சொல்வோம் என்று நினைத்தேன். “மற்றக் கட்சிக்கு.”

அவன் கைதட்டிச் சிரித்தான். மனைவியின் பக்கம் திரும்பி, “பாத்தியா! அவர் முதலாளி, அவருக்கு அந்தக் கட்சிதான் சரி. அதில பிழை சொல்ல ஏலாது. ஆனா என்ட வோட்ட அவருக்கே எதிராப் போட்டிரிக்கார். ஆரு செய்வா? நீ என்ன சொன்ன?” என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்ல எழுந்து வந்து, கை கழுவிய என்னிடம் பிள்ளையை நீட்டினாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கத்தினான். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

“அண்ணன், என்னை மன்னிச்சிருங்க” என்றாள் அவள். “ஒரு முதலாளிட்டப் போயா வோட்டக் குடுத்த எண்டு இவரோட ரெண்டு நாள் கதைக்காம இருந்தன். உங்களப் பிழையா நினைச்சிட்டன்.”

“பரவாயில்ல தங்கச்சி” என்று நான் அவளை மன்னித்தேன்.